மாத்தறை வைரம்: பெயரிழந்த ஒரு கல்லின் வரலாறு

எனது மூத்தம்மாவிடம் ஒரு சோடித் தோடு இருந்தது. நடுவில் ஒன்றும் அதைச் சுற்றி ஆறுமாக, தோடொன்றுக்கு ஏழு வெள்ளைக் கற்கள். பெருநாளைக்கும் கலியாண வீடுகளுக்கும் மட்டுந்தான் அது பெட்டியிலிருந்து வெளியே வரும். 'வைரத்தோடு' என்றே குடும்பத்தில் எல்லோரும் சொல்வோம். தென்பகுதியிலிருந்து வந்த ஒரு கல் வியாபாரியிடம், நெல் விற்ற காசைக் கொடுத்து அவருடைய வாப்பா வாங்கிக் கொடுத்தாராம்.

1990களின் தொடக்கத்தில் ஓட்டமாவடியிலும் சுற்றுக் கிராமங்களிலும் வயலுக்கும் போக முடியாமல், வியாபாரமும் ஓடாமல் சனம் தவித்தது. தோட்டை விற்பது என்று முடிவாயிற்று. மூத்தம்மாவும் எனது வாப்பாவும் கதுருவெலயில் ஒரு நகைக்கடைக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன். கடைக்காரர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்து, ஒவ்வொரு கல்லாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தோட்டை மெதுவாகத் துணியின்மேல் வைத்தார்.

"இது வைரமில்ல உம்மா. மாத்தறக் கல்லு. தங்கத்துக்குத்தான் காசு தரலாம்."

"எங்கட வாப்பா வைரமெண்டுதானே மனே தந்தாரு?"

"அவருக்கும் அப்பிடிச் சொல்லித்தான் வித்திருப்பாங்க."

மூத்தம்மா தோட்டை விற்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரு சொல்லும் பேசவில்லை. அதற்குப் பின்னர் எந்தப் பெருநாளிலும் அவர் அதை அணிந்து நான் காணவில்லை. "பொய்யக் காதில போட்டுக்கிட்டு எத்தின கலியாணத்துக்குப் போயிருக்கன்" என்று ஒரேயொரு தடவை சொன்னார்.

அந்த வார்த்தை நெடுநாள் என் மனதை உறுத்திக்கொண்டிருந்தது. மாத்தறைக் கல் என்பது என்ன? அது எப்படி வைரம் என்ற பெயரைப் பெற்றது? தேடிப் படிக்கப் படிக்க, எமது தீவின் மண்ணிலிருந்து உலகத்துக்குப் போன மிகப் பெரிய கொடைகளில் ஒன்று அந்தத் தோட்டில் இருந்தது என்பது தெரியவந்தது. பொய் சொன்னது கல்லல்ல. அதற்கு இடப்பட்ட பெயர்தான்.

மாத்தறை வைரம் எனப்படுவது நிறமற்ற சிர்க்கோன். சிர்க்கோனியம், சிலிக்கன், ஒட்சிசன் ஆகிய மூன்று மூலகங்கள் சேர்ந்த கனியம் அது. மஞ்சள், கபிலம், செம்மஞ்சள், சிவப்பு, பச்சை எனப் பல நிறங்களில் கிடைக்கும். இரத்தினபுரியிலும் தென்மாகாணத்திலும் குழி தோண்டுகிறவர்கள் 'இல்லம்' என்று சொல்லும் சரளைப் படையில் நீலக்கல், புஷ்பராகம், வைடூரியம் ஆகியவற்றோடு இதுவும் கலந்து கிடக்கிறது. அந்த உயர்குலத்தாரின் நடுவில் இதனை யாரும் பெரிதாகக் கணக்கெடுப்பதில்லை.

ஆனால், இதன் இயல்புகள் அற்பமானவையல்ல. ஒளியை ஏழு நிறங்களாகப் பிரித்துச் சிதறச் செய்யும் ஆற்றலை இரத்தினக்கல் நூல்கள் ஓர் எண்ணால் குறிக்கின்றன. வைரத்துக்கு அது 0.044. சிர்க்கோனுக்கு 0.039. இயற்கையில் கிடைக்கும் வெள்ளைக் கற்களில் வைரத்தின் சுடருக்கு இவ்வளவு அருகில் வருபவை மிகச் சில. முறிவுச் சுட்டியும் 1.92 முதல் 1.98 வரை உயர்ந்து நிற்கிறது. பட்டை தீட்டிய நல்லதொரு சிர்க்கோனை வெறுங்கண்ணால் பார்த்து வைரமென ஏமாறுவது பாமரத்தனமாகாது.

கதுருவெலக் கடைக்காரர் கண்ணாடியில் கண்டது என்ன என்பதும் பின்னர்தான் எனக்கு விளங்கியது. சிர்க்கோனுக்குள் புகும் ஒளி இரண்டு கதிர்களாகப் பிரிந்து செல்லும். அதனால் கல்லின் முகப்பு வழியாகப் பார்த்தால் அடிப்பக்கத்துப் பட்டைகளின் விளிம்புகள் ஒவ்வொன்றும் இரட்டைக் கோடாகத் தெரியும். வைரத்தில் இப்படி ஒருபோதும் தெரியாது. எடையும் காட்டிக்கொடுக்கும். வைரத்தின் தன்னீர்ப்பு 3.52, நல்ல சிர்க்கோனின் தன்னீர்ப்பு ஏறத்தாழ 4.7. ஒரே பருமனுள்ள இரண்டையும் தராசில் வைத்தால் சிர்க்கோன் மூன்றிலொரு பங்கு அதிகமாக நிறுக்கும். கேட்கத் தெரிந்தவரிடம் கல் தன்னை மறைப்பதில்லை.

இதற்குப் பலவீனமும் உண்டு. வைரத்தின் கடினம் 10 என்றால் இதற்கு 7க்குச் சற்று முன்பின். அதைவிடப் பெரிய குறை, விளிம்புகள் எளிதில் நொறுங்குவது. பல கற்களை ஒரே பொதியில் போட்டால் ஒன்றோடொன்று உரசி முனைகள் உதிர்ந்துவிடும். ஆகவே அனுபவமுள்ள வியாபாரிகள் ஒவ்வொரு சிர்க்கோனையும் தனித்தனிக் கடதாசியில் மடித்து வைப்பார்கள். விலை குறைந்த கல்லுக்கு இத்தனை பக்குவம் தேவைப்படுவது விசித்திரந்தான்.

இனி, பெயரின் கதைக்கு வருவோம்.

சிர்க்கோன் என்ற சொல் ஐரோப்பியச் சொல்லாகக் காதில் விழுகிறது. அதன் வேர் எமது பக்கத்தில் இருக்கிறது. பாரசீகத்தில் 'ஸர்' என்றால் பொன். 'கூன்' என்றால் நிறம். 'ஸர்கூன்', பொன்னிறமானது. அது அரபியில் 'ஸர்கூன்' என்றே வழங்கி, பின்னர் இத்தாலிய, பிரெஞ்சு மொழிகளில் உருமாறி, ஆங்கிலத்தில் 'ஜார்கூன்' ஆகி, ஜெர்மானியரிடம் 'சிர்க்கோன்' ஆயிற்று என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம். இந்து சமுத்திரத்தில் கப்பலோட்டிய அரபு, பாரசீக வணிகர்களின் நாவிலே வழங்கிய சொல் இது. அவர்களுடைய வரைபடங்களில் எமது தீவின் பெயர் ஸரந்தீப்.

ஸரந்தீப் என்றாலே அவர்களுக்கு நினைவு வந்தது யாக்கூத். அல்குர்ஆனில் அர்ரஹ்மான் அத்தியாயத்திலே பவளத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் இரத்தினம் அதுவே. 1344இல் புத்தளத்தில் வந்திறங்கிய இப்னு பதூதா, ஆரியச்சக்கரவர்த்தியிடம் உள்ளங்கை அகலமான யாக்கூத் கிண்ணம் ஒன்றைக் கண்டதாக எழுதியிருக்கிறார். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று தீவின் கற்களை வகைப்படுத்தும்போது நீல நிறக் கல்லுக்கு இங்குள்ளவர்கள் வழங்கும் பெயரையும் குறித்துவைக்கிறார். அது 'நீலம்' என்ற எமது சொல்தான். ஒரு தமிழ்ச் சொல் அரபுப் பயண நூலொன்றில் அகப்பட்டு நிற்பதைக் காண்பது மகிழ்ச்சியளிக்கிறது.

ஆனால், நிறத்தை மட்டும் வைத்துக் கல்லுக்குப் பெயரிடுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. சிவப்பெல்லாம் மாணிக்கமாகிவிடும், வெள்ளையெல்லாம் வைரமாகிவிடும். இந்த ஆபத்தை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்தவர் அல்பிரூனி. 973இல் பிறந்து கஸ்னாவில் வாழ்ந்த அந்த அறிஞர், தமது முதிய வயதில் இரத்தினங்களைப் பற்றி 'கிதாபுல் ஜமாஹிர்' என்ற நூலை எழுதினார். கல்லை நீரில் அமிழ்த்தி, அது வெளியேற்றும் நீரை அளப்பதற்கென்று கூம்பு வடிவான ஒரு பாத்திரத்தையும் செய்தார். நீல யாக்கூத்தை நூறு என்று வைத்து, ஏனைய கற்களின் அடர்த்தியை அதனோடு ஒப்பிட்டு அட்டவணைப்படுத்தினார். கண் ஏமாறும் இடத்தில் தராசை நம்பு என்பதே அவர் காட்டிய வழி. இன்றைய இரத்தினக்கல் ஆய்வுகூடங்களும் அந்த வழியைக் கைவிடவில்லை.

அறிஞர் காட்டிய வழி வேறு, சந்தை போன வழி வேறு. சந்தைக்கு வேண்டியிருந்தது வெள்ளைக் கல். இயற்கையில் முற்றிலும் நிறமற்ற சிர்க்கோன் அதிகம் கிடைப்பதில்லை. ஆனால், கபில நிறமும் மங்கல் நிறமும் கொண்ட பல சிர்க்கோன்கள் நெருப்பில் சுட்டால் நிறம் இழந்து தெளிந்துவிடும். கல்லைச் சுட்டு அதன் நிறத்தைத் திருத்தும் கலை எமது தீவுக்குப் புதியதல்ல. 1253இல் மறைந்த அத்திஃபாஷி தமது இரத்தின நூலில் ஸரந்தீபில் யாக்கூத்தை நெருப்பிலிட்டுப் பதப்படுத்தும் முறையை விபரிக்கிறார். கரியடுப்பும் ஊதுகுழலும் வைத்துக் கல்லைச் சுடுவோர் எமது காலம்வரை தென்பகுதியில் இருந்தனர். அந்த அனுபவம் மாத்தறைப் பகுதியில் கிடைத்த சிர்க்கோனுக்கும் பயன்பட்டது. சுட்ட கல் வெளுத்தது. வெளுத்ததும் அதற்குப் புதுப் பெயர் கிடைத்தது. மாத்தறையில் உள்ளோருக்கு அது 'மாத்தறை தியமன்தி', ஆங்கில வியாபாரிகளுக்கு 'மாத்துரா டயமன்ட்', எமது வீடுகளில் 'மாத்தறை வைரம்'.

சுடுவதில் குற்றமில்லை. இன்றும் உலகச் சந்தையில் விற்கப்படும் நீல சிர்க்கோன் ஏறக்குறைய முழுவதும் கம்போடியாவிலும் வியட்நாமிலும் கிடைக்கும் கபிலக் கல்லைச் சுட்டுப் பெறப்படுவதே. சுட்டதைச் சொல்லாமல் விடுவதும், வேறொரு கல்லின் பெயரில் விற்பதுமே பிழை. பேருவளை சீனன்கோட்டை, காலி, இரத்தினபுரி என்று தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழிலில் நின்றவர்களில் எமது சமூகத்தவர் கணிசமானோர். கல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தே இன்னதெனச் சொல்லும் கைதேர்ந்தவர்களை அது உருவாக்கியது. அவர்களுக்குச் சிர்க்கோன் எது, வைரம் எது என்பது நன்றாகவே தெரியும். தெரியாதவர்கள் ஓட்டமாவடி போன்ற ஊர்களில் நெல் விற்று நகை வாங்கியவர்கள். பொருளின் குறையை மறைத்து விற்பதை மார்க்கம் எவ்வளவு கடுமையாகத் தடுத்திருக்கிறது என்பது வாங்கியவருக்கும் விற்றவருக்கும் தெரிந்ததுதான். ஆயினும், 'மாத்தறை' என்ற முன்னொட்டு இருக்கிறதே, அதுவே போதுமான எச்சரிக்கைதானே என்று மனச்சாட்சியைச் சமாதானப்படுத்தியிருப்பார்கள். வீடு வந்து சேர்வதற்குள் முன்னொட்டு உதிர்ந்துவிடும். வைரம் மட்டும் மிஞ்சும். இன்றைய சர்வதேச வணிக நெறிகள் வைரமல்லாத கல்லுக்கு இப்படி வைரம் என்ற சொல்லை ஒட்டி விற்பதை ஏற்றுக்கொள்வதில்லை.

பெயர்க் குழப்பம் இந்தக் கல்லை வேறு விதங்களிலும் துரத்தியது. செம்மஞ்சள் சிர்க்கோனும், கறுவா நிறத்தில் இங்கு கிடைக்கும் ஹெஸ்ஸனைட் என்ற கார்னட் வகையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நவரத்தினங்களில் கோமேதகம் என்று சொல்லப்படுவது இப்போது பெரும்பாலும் ஹெஸ்ஸனைட்டே. ஆயினும் கோமேதகம் என்ற பெயரில் சிர்க்கோனும் நீண்ட காலம் கைமாறியிருக்கிறது. 'ஹெஸ்ஸனைட்' என்ற பெயருக்குக் கிரேக்க மூலத்தில் 'தாழ்ந்தது' என்று பொருள். ஏனைய கார்னட்டுகளைவிடக் கடினத்திலும் அடர்த்தியிலும் குறைந்தது என்பதால் வந்த பெயராம். இன்னொரு கதையும் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கலப்புக் கற்களோடு 'தோரமல்லி' என்ற சிங்களப் பெயரும் போயிற்று. இங்கு அந்தப் பெயர் சிர்க்கோன் உட்படப் பல கற்களுக்குப் பொதுவாக வழங்கியது என்பார்கள். அங்கே அது வேறொரு கனியத்தின் பெயராக நிலைத்து 'டூர்மலின்' ஆயிற்று.

சொந்த ஊரில் இப்படி அலைக்கழிந்த கல்லுக்கு, 1789இல் பெர்லின் நகரில் நியாயம் கிடைத்தது. மார்ட்டின் கிளாப்ரோத் என்ற மருந்தாளர் இலங்கையிலிருந்து வந்த ஒரு 'ஜார்கூன்' கல்லைப் பொடியாக்கி, காரத்தோடு உருக்கி, பகுப்பாய்வு செய்தார். அதுவரை அறியப்பட்ட எந்தப் பொருளோடும் ஒத்துப்போகாத ஒரு புதிய ஒட்சைட்டு அதில் இருந்தது. புதிய மூலகம் ஒன்று அதனுள் ஒளிந்திருக்கிறது என்று அவர் அறிவித்தார். கல்லின் பெயராலேயே அது சிர்க்கோனியம் எனப்பட்டது. 1824இல் சுவீடனின் பெர்சீலியஸ் அதனை உலோகமாகப் பிரித்தெடுத்தார். இரசாயனவியலின் மூலக அட்டவணையில் நாற்பதாவது இடத்தில் இருக்கும் பெயர், ஸரந்தீபின் கல்லொன்றினூடாக அங்கே போய்ச் சேர்ந்த பாரசீகச் சொல்.

அதே 1789இல் அதே கிளாப்ரோத் வேறொரு தாதுப்பொருளிலிருந்து இன்னொரு மூலகத்தையும் கண்டறிந்து, அதற்கு யுரேனியம் என்று பெயரிட்டார். இவ்விரண்டுக்கும் உள்ள உறவு அப்போது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. 1869இல் சோர்பி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இலங்கைச் சிர்க்கோன்களை நிறமாலைகாட்டியில் பார்த்தபோது விநோதமான கருங்கோடுகளைக் கண்டார். புதிய மூலகம் கிடைத்துவிட்டதாக எண்ணி 'ஜார்கோனியம்' என்று பெயரும் வைத்துவிட்டார். அடுத்த ஆண்டே, அது தமது தவறு எனவும் அந்தக் கோடுகள் சிர்க்கோனில் கலந்திருக்கும் யுரேனியத்தால் வந்தவை எனவும் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். பிழையான பெயரை வைத்தவரே அதனைத் திரும்பப் பெற்ற அந்த நேர்மை, மாத்தறை வைரத்தை விற்றவர்களிடம் இல்லாமற் போயிற்று.

சிர்க்கோனுக்குள் இருக்கும் அந்தச் சிறிதளவு யுரேனியமே இதனை உலகின் மிக நம்பகமான கடிகாரமாக்கியது. பளிங்கு உருவாகும்போது சிர்க்கோன் யுரேனியத்தைத் தன்னுள் ஏற்றுக்கொள்ளும். ஈயத்தை ஏறக்குறைய முற்றாகத் தள்ளிவிடும். யுரேனியமோ மாறாத ஒரு வேகத்தில் அழிந்து ஈயமாகிக்கொண்டே இருக்கிறது. ஆகவே, சிர்க்கோனில் இன்று காணப்படும் ஈயம் அது பிறந்தபின் சேர்ந்தது. இரண்டின் விகிதத்தையும் அளந்தால் கல்லின் வயது தெரிந்துவிடும். மேற்கு அவுஸ்திரேலியாவின் ஜெக் ஹில்ஸ் மலையில் கிடைத்த ஒரு சிர்க்கோன் மணியின் வயது ஏறத்தாழ 440 கோடி ஆண்டுகள் என்று 2001இல் அறிவிக்கப்பட்டது. பூமியிலேயே உருவான பொருட்களில் அதைவிட முதியது அதுவரை அறியப்பட்டிருக்கவில்லை.

இந்தக் கடிகாரத்தைச் சரிபார்க்கவும் இலங்கைக் கல்லையே நாடினார்கள். ஆய்வுகூடங்கள் தமது கருவிகளைச் சோதிப்பதற்கு, வயது ஐயமின்றித் தெரிந்த மாதிரிக் கல் தேவை. 2008இல் விஞ்ஞானிகள் குழுவொன்று அத்தகைய ஒரு கல்லைப் பற்றி விரிவாக எழுதியது. எம்257 என்பது அதன் அடையாள இலக்கம். இலங்கையிலிருந்து போன, பட்டை தீட்டிய, மாசற்ற 25.7 கரட் சிர்க்கோன். வயது 56 கோடியே 13 இலட்சம் ஆண்டுகள். யாரோ ஒருவருடைய மோதிரத்தில் பதிந்திருக்கக்கூடிய அந்தக் கல் துண்டுகளாக உடைக்கப்பட்டு, ஏனைய கற்களின் வயதைச் சொல்வதற்கு உதவுகிறது.

வயது சொல்லும் யுரேனியம் கல்லை உள்ளிருந்து வதைக்கவும் செய்கிறது. கதிர்த்தொழிற்பாட்டால் பளிங்கின் ஒழுங்கு சிறிது சிறிதாகக் குலைகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் இந்த அடியைத் தாங்கிய சில சிர்க்கோன்கள் அடர்த்தி குறைந்து, பெரும்பாலும் பச்சை நிறமாகி, கண்ணாடி போன்ற நிலைக்கு வந்துவிடுகின்றன. அத்தகைய பச்சைச் சிர்க்கோனுக்கு இலங்கை பேர்பெற்றது. 1955இல் ஹொலண்ட், கொட்ஃபிரைட் என்ற இரு ஆய்வாளர்கள் இலங்கைச் சிர்க்கோன்களை வைத்தே இச்சிதைவின் படிகளை விளக்கினார்கள். அணுக்கழிவைப் பல்லாயிரம் ஆண்டுகள் அடைத்து வைக்கக்கூடிய பொருள் எது என்று தேடுவோருக்கு அந்த ஆய்வு இன்றும் பயன்படுகிறது.

அணுவுலையிலும் சிர்க்கோனியத்துக்கு இடமுண்டு. நியூத்திரனை மிகக் குறைவாக உறிஞ்சும் உலோகமாதலால், யுரேனிய எரிபொருளை அடைக்கும் குழாய்கள் சிர்க்கோனியக் கலப்புலோகத்தால் செய்யப்படுகின்றன. ஒரே ஆண்டில் ஒரே மனிதர் கண்டறிந்த இரண்டு மூலகங்கள், சிர்க்கோனுக்குள் இருப்பதுபோலவே உலைக்குள்ளும் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கின்றன. 2011இல் புகுஷிமாவில் உலைகள் குளிர்ச்சியிழந்தபோது, கடும் வெப்பத்தில் நீராவியோடு சேர்ந்து ஐதரசனை வெளியிட்டதும் அந்தக் குழாய்களின் சிர்க்கோனியமே. அங்கு நிகழ்ந்த வெடிப்புகளுக்கு அந்த வாயு காரணமாயிற்று.

ஓட்டமாவடிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் கேட்கலாம். எமது பகுதி இரத்தினக்கல் பூமியல்ல. குழி தோண்டிக் கல்லெடுக்கும் வழக்கம் இங்கில்லை. கல்லைப் பார்ப்பதென்றால் வியாபாரியின் கையில்தான் பார்த்தோம். ஆனால், சிர்க்கோன் எமக்கு அந்நியமல்ல. பாறை கரைந்து மண்ணானாலும் சிர்க்கோன் கரைவதில்லை. ஆறு அதனை உருட்டிக்கொண்டு வரும். அதன் கனம் காரணமாக ஏனைய மணல் அடித்துச் செல்லப்பட்டாலும் அது அடியில் தங்கும். ஊவா மலைப்பக்கத்தில் தொடங்கும் மாதுறு ஓயா எமது வாவியில் வந்து விழுகிறது. ஓட்டமாவடிப் பாலத்தின் கீழே, ரயிலும் வாகனமும் ஒரே இரும்புப் பாலத்தில் போய்வந்த காலத்திலிருந்து நாம் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நீர், கண்ணுக்குப் புலப்படாத சிர்க்கோன் துகள்களையும் சுமந்துகொண்டுதான் ஓடுகிறது. ஒரு பிடி மணலைத் தட்டில் அலசிப் பாருங்கள். இறுதியில் கருமையாக ஒரு கோடு எஞ்சும். அதனுள் அதுவும் இருக்கும்.

எமக்கு வடக்கே புல்மோட்டைக் கரையில் இது கண்ணுக்கே தெரியும் அளவில் கிடக்கிறது. இல்மனைட், ரூட்டைல் ஆகியவற்றோடு சிர்க்கோனும் கலந்த அந்தக் கருமணலை எடுப்பதற்கென 1957இல் கனியமணல் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. உலகெங்கும் தரை ஓடுகளுக்கும் பீங்கான்களுக்கும் வெண்மையூட்டுவது சிர்க்கோன் மாவு. நாம் மணலாக விற்று, ஓடாக வாங்குகிறோம். அண்மைய ஆண்டுகளில் வாகரை, கதிரவெளிப் பக்கம் இல்மனைட் அகழ்வதற்கு எதிராக மக்கள் குரலெழுப்பியதை நாம் அறிவோம். அந்த மணலுக்குள் என்னென்ன இருக்கிறது, அதன் பெறுமதி யாருக்குப் போகிறது என்பதை அந்தக் கரையில் வாழ்கிறவர்கள் தெரிந்திருக்கவேண்டும். பெயர் தெரியாத பொருளைக் காப்பாற்றுவதும் கடினம். நியாயமான விலை கேட்பதும் கடினம்.

சரியான பெயர் பெற்ற கல்லொன்றும் இந்த மண்ணில் உண்டு. கலை விமர்சகராக நாம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி, முதலில் ஒரு புவிச்சரிதவியலாளர். இலங்கைக் கனிய ஆய்வுப் பகுதியின் முதலாவது பணிப்பாளராக இருந்தவர். அவரும் பிரையர் என்ற ஆங்கிலேயரும் 1903இல் இலங்கையில் கிடைத்த ஒரு புதிய கனியத்தை விபரித்தபோது அதற்குச் 'செரண்டிபைட்' என்று பெயரிட்டார்கள். ஸரந்தீப் என்ற சொல் அதில் அழியாமல் இருக்கிறது. பிறந்த இடத்தைச் சொல்லும் பெயர். இரவல் பெருமை எதுவும் அதில் இல்லை.

சிர்க்கோனுக்கு இன்றும் அந்தப் பேறு வாய்க்கவில்லை. இப்போது கடைகளில் 'அமெரிக்கன் டயமன்ட்' என்று மலிவாக விற்கப்படும் கியூபிக் சிர்க்கோனியா, 1976 அளவில் சந்தைக்கு வந்த செயற்கைப் பொருள். சிர்க்கோனியத்தின் ஒட்சைட்டு அது, சிர்க்கோன் அல்ல. எனினும் பெயர் ஒத்திருப்பதால் சிர்க்கோன் என்றாலே போலி என்று பலர் எண்ணிவிட்டார்கள். ஒரு காலத்தில் வைரத்தின் பெயரைச் சுமக்க வைத்தோம். இப்போது கண்ணாடிக்கு நிகரான ஒரு பொருளின் அவப்பெயரைச் சுமக்க வைக்கிறோம். 56 கோடி ஆண்டு வயதுள்ள கல்லுக்கு இரண்டும் அநீதி.

கல்லுக்குச் சக்தி உண்டா என்பது தனிக் கேள்வி. மத்தியகால ஐரோப்பாவில் செந்நிறச் சிர்க்கோன் அணிந்த பயணியைக் கொள்ளைநோயும் இடியும் அணுகாது என்றும், நல்ல உறக்கம் வரும் என்றும் நம்பினார்கள். இந்தியச் சோதிடர்கள் கோமேதகத்தை ராகுவுக்கு உரியதாக்கினார்கள். எமது ஊர்களிலும் மோதிரக் கல்லுக்குப் பலன் சொல்லி விற்றவர்கள் உண்டு. நன்மையும் தீமையும் கல்லின் கையில் இல்லை என்று அவர்களைத் திருப்பி அனுப்பிய பெரியவர்களும் உண்டு. நான் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவன். அழகுக்காக அணிவதே போதுமான காரணம்.

மூத்தம்மா மௌத்தாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இவற்றில் எதனையும் அவரிடம் சொல்ல எனக்குக் கிடைக்கவில்லை. தோடு இப்போது எமது வீட்டில் இருக்கிறது. ஒரு கல்லின் விளிம்பு சற்று உதிர்ந்திருக்கிறது. கடந்த பெருநாளைக்கு முதல் நாள் மகள் அதனை எடுத்து வைத்துக்கொண்டு, "இது வைரமா வாப்பா?" என்று கேட்டாள்.

"இல்ல மகள். சிர்க்கோன்" என்றேன்.

உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்து, கல்லின் அடியில் பார்க்கச் சொன்னேன். வெகு நேரம் பார்த்தாள். பிறகு, "எல்லாக் கோடும் ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்றாள். மறுநாள் தொழுகைக்கு அதைத்தான் அணிந்துகொண்டு போனாள். அழகாயிருக்கிறதே, என்ன கல் என்று யாரோ கேட்டார்களாம். பெயரைச் சரியாகச் சொன்னதாக வந்து சொன்னாள்.